பெரிய வடிவ ஒளிப்பட இதழ்களும் வாசகர் கருத்துகளும்: செண்பகத்தோப்பை முன்வைத்து ஒரு மதிப்பீடு

பெரிய வடிவ ஒளிப்படம் என்பது 4×5 அங்குலமோ அதைவிடப் பெரிய அளவோ கொண்ட தாள் பிலிமில் எடுக்கப்படும் ஒளிப்படத்தைக் குறிக்கும். இவ்வகைப் படங்களுக்கெனத் தனி இதழ்கள் மேலைநாடுகளில் வெளிவந்துள்ளன. பெரிய பக்கத்தில் ஒளிப்படங்களை முதன்மைப்படுத்தி அச்சிட்ட பொது இதழ்களும் உண்டு. முதல் வகையில் நெகட்டிவ் பெரியது. இரண்டாம் வகையில் பக்கம் பெரியது. இரண்டையும் குறித்து வாசகர் சொல்லிவரும் பாராட்டுகளும் குறைகளும் பெரும்பாலும் ஒத்திருக்கின்றன. கருவிகளைப் பற்றிய பேச்சு அதிகம், அச்சு போதவில்லை, ஒரே மாதிரியான காட்சிகள், உயிரோட்டம் குறைவு என்பவை அவற்றுள் முக்கியமானவை.

இக்கருத்துகள் எந்த அளவுக்குச் சரியானவை என்பதைப் பொதுவாகப் பேசுவதைவிட ஓர் இடத்தில் வைத்துச் சோதிப்பது தெளிவு தரும். விருதுநகர் மாவட்டம் திருவில்லிபுத்தூருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள செண்பகத்தோப்பு அதற்கு ஏற்ற இடம். ஓடை, பாறை, தோப்பு, உயர்ந்த மரங்கள், அம்மரங்களில் வாழும் நரை அணில், பளியர் குடியிருப்பு, காட்டழகர் கோயில் ஆகிய அனைத்தும் அங்கே அருகருகே உள்ளன. இவற்றுள் பெரிய வடிவக் கேமரா எதைப் பதிவு செய்யும், எதைத் தவறவிடும் என்று பார்த்தால், இதழ்கள் மீதான வாசகர் கருத்துகளின் வலிமையும் குறையும் புலப்படும்.

வடிவமும் அதன் பயனும்

35 மி.மீ. பிலிமின் ஒரு சட்டம் 24×36 மி.மீ. அளவுடையது. 4×5 அங்குலத் தாள் பிலிமின் பரப்பு அதைப்போல் ஏறத்தாழ 15 மடங்கு. 8×10 அங்குலத் தாளின் பரப்பு ஏறத்தாழ 60 மடங்கு. 8×10 அங்குலப் படம் ஒன்றை அச்சிட 35 மி.மீ. நெகட்டிவை எட்டு மடங்குக்கு மேல் பெரிதாக்க வேண்டும். 4×5 நெகட்டிவை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் போதும். 8×10 நெகட்டிவைத் தாளின் மேல் நேராக வைத்தே படி எடுக்கலாம். குறைவாகப் பெரிதாக்கும்போது பிலிமின் மணித்தன்மை வெளியே தெரிவதில்லை. ஒளிக்கும் நிழலுக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறப் படிகள் சீராக வருகின்றன.

இன்னொரு பயன் கேமராவின் அமைப்பில் உள்ளது. லென்ஸ் பலகையையும் பிலிம் பலகையையும் தனித்தனியே உயர்த்தவும் சாய்க்கவும் திருப்பவும் முடியும். தமிழ்நாடு அரசின் முத்திரையோடு இணைத்துப் பேசப்படும் திருவில்லிபுத்தூர் ராஜகோபுரத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 11 நிலைகள் கொண்ட அக்கோபுரத்தைச் சாதாரணக் கேமராவை அண்ணாந்து பிடித்து எடுத்தால், மேலே போகப்போக இரு பக்கங்களும் நெருங்கிக் கோபுரம் பின்னால் சாய்வதுபோல் தோன்றும். பெரிய வடிவக் கேமராவில் பிலிம் பலகையைச் செங்குத்தாகவே நிறுத்தி, லென்ஸை மட்டும் உயர்த்திக் கோபுரத்தை நேராக நிற்கச் செய்யலாம். லென்ஸைச் சற்று முன்னோக்கிச் சாய்த்தால், செண்பகத்தோப்பு ஓடையின் கரையில் காலடியில் கிடக்கும் கூழாங்கல்லும் தொலைவில் உள்ள மலைமுகடும் ஒரே படத்தில் தெளிவாக விழும்.

இதற்கு விலையும் உண்டு. காட்டு நிழலில், 100 ஐ.எஸ்.ஓ. பிலிமில், துளையை எஃப்/32 அளவுக்குச் சுருக்கினால் ஒரு நொடி அளவுக்கு ஒளி விட வேண்டியிருக்கும். அந்த ஒரு நொடியில் காற்று வீசினால் இலைகள் கலங்கிவிடும். முக்காலி, கறுப்புத் துணி, பிலிம் கூடுகள் என்று சுமையும் பெரிது. ஒரு காலைப்பொழுதில் நான்கைந்து படங்கள் எடுத்தாலே அதிகம்.

வாசகர் கூறும் நான்கு குறைகள்

முதல் குறை, கருவிகளைப் பற்றிய பேச்சு மிகுதி என்பது. லென்ஸ் ஒப்பீடு, முக்காலியின் எடை, உருத்துலக்கும் கரைசலின் விகிதம் ஆகியவை பக்கங்களை அடைத்துக்கொள்கின்றன, படங்களுக்கு இடம் குறைகிறது என்று வாசகர் சொல்வர். இது ஓரளவே சரி. இத்துறையில் கருவியின் இயக்கம் தெரியாமல் படம் எடுக்க முடியாது. கற்றுக்கொடுக்கும் ஆசிரியரும் எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. தனியாகக் கற்பவருக்கு இதழே பள்ளி. ஆனால் ஒரு கட்டுரை லென்ஸை விளக்கிவிட்டு, அந்த லென்ஸால் எந்தக் காட்சி எப்படி மாறியது என்பதைக் காட்டாமல் முடிந்தால் அது விற்பனைக் கையேடாகவே நின்றுவிடுகிறது. வாசகரின் குறை அங்கே முழுமையாகப் பொருந்தும்.

இரண்டாம் குறை அச்சு பற்றியது. பெரிய நெகட்டிவில் இருக்கும் நுட்பம் பக்கத்தில் வருவதில்லை என்பர். இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நல்ல ஆஃப்செட் அச்சில் அங்குலத்துக்கு 150 முதல் 175 கோடுகள் வரையான புள்ளித்திரை பயன்படுகிறது. அதற்கு அங்குலத்துக்கு 300 படப்புள்ளிகள் போதும் என்பது அச்சகங்களின் நடைமுறை. அப்படியானால் 8×10 அங்குலப் பக்கத்துக்குத் தேவைப்படுவது 2,400×3,000, அதாவது 72 லட்சம் புள்ளிகள். இன்று கைப்பேசியின் கேமராவே இதைத் தந்துவிடுகிறது. ஆகவே நுட்பத்தை மட்டும் கருதினால், இதழின் பக்கத்துக்குப் பெரிய நெகட்டிவ் தேவையில்லை என்னும் வாசகர் வாதம் நியாயமானதே.

ஆனால் அச்சில் இழக்கப்படுவது நுட்பம் மட்டுமன்று. செண்பகத்தோப்பிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத சிவகாசி, நாடு முழுவதற்கும் நாட்காட்டிகளையும் சீட்டுகளையும் அச்சிட்டு அனுப்பும் ஊர். அழுத்தமான வண்ணத்தைத் தெளிவாகக் கொண்டுவருவதில் அவ்வூர் அச்சகங்கள் தேர்ந்தவை. கறுப்பு வெள்ளைப் படத்தை ஒரே ஒரு கறுப்பு மையால் அச்சிட்டால், எவ்வளவு நல்ல இயந்திரத்திலும் ஆழ்ந்த நிழல் தட்டையாகவும் நடுச்சாம்பல் வெளிறியும் போகும். அதனால்தான் தரமான ஒளிப்பட நூல்களில் கறுப்புடன் சாம்பல் மையையும் சேர்த்து இரண்டு முறை அச்சிடுகின்றனர். பெரிய வடிவப் படத்தின் உயிர் அதன் சாம்பல் படிகளில் உள்ளது. அதை இழக்கும் இதழைக் குறைகூற வாசகருக்கு முழு உரிமை உண்டு. குறை அச்சிட்ட முறையைச் சாருமே அன்றி வடிவத்தைச் சாராது.

மூன்றாம் குறை, ஒரே மாதிரியான காட்சிகள் என்பது. பனி மூடிய மலை, காய்ந்த மரம், மணல்மேடு ஆகியவை இதழ்தோறும் திரும்ப வருகின்றன. 1932இல் கலிபோர்னியாவில் தோன்றிய எஃப்/64 குழுவினரின், குறிப்பாக ஆன்செல் ஆடம்ஸின், பாதிப்பு இதற்கு ஒரு காரணம். அவர்களுடைய பார்வை அவர்கள் வாழ்ந்த நிலத்திலிருந்து வந்தது. அதைக் கடன் வாங்கி வேறு நிலத்தின் மேல் போர்த்தும்போதுதான் படம் பொய்யாகிறது. மழைக்காலம் முடிந்தபின் பசுமை அடர்ந்தும், கோடையில் புழுதி படிந்தும் காணப்படும் மேற்கு மலை அடிவாரத்துக்கு அந்தப் பனிமலை இலக்கணம் பொருந்தாது. இக்குறை நான்கிலும் வலுவானது.

நான்காவது, விலங்குகளும் மனிதரும் இல்லை, படங்களில் உயிரோட்டம் இல்லை என்பது. இதற்கான விடை செண்பகத்தோப்பில் கிடைக்கிறது. அதைப் பார்க்கும் முன், வாசகர் கருத்தை எண்ணிக்கையால் அளக்கும் வழக்கத்தைப் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்

ஒளிப்பட இதழ்களின் வரலாற்றில் வாசகர் தம் கருத்தை மிகக் கடுமையாகத் தெரிவித்தது 'கேமரா ஒர்க்' இதழுக்குத்தான். ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் 1903இல் நியூயார்க்கில் தொடங்கிய இந்தக் காலாண்டிதழின் படங்கள் பெரும்பாலும் போட்டோகிராவியூர் முறையில் உயர்ந்த தாளில் அச்சிடப்பட்டன. பல படங்கள் மெல்லிய தாளில் அச்சாகிக் கையால் ஒட்டப்பட்டன. தொடக்கத்தில் ஆயிரத்தை நெருங்கிய சந்தாதாரர் எண்ணிக்கை, ரோதன், மத்தீஸ், பிக்காசோ முதலிய ஓவியர், சிற்பிகளின் படைப்புகளுக்கு இதழ் இடம் கொடுக்கத் தொடங்கியபின் சரிந்தது. ஒளிப்பட இதழில் ஒளிப்படத்தை எதிர்பார்த்த வாசகர் விலகினர். 1917இல் நின்றபோது சந்தாதாரர் 40 பேர்கூட இல்லை. பால் ஸ்ட்ராண்டின் படங்களுக்கு ஒதுக்கப்பட்ட அந்தக் கடைசி இதழ், நவீன ஒளிப்படக்கலையின் தொடக்கங்களுள் ஒன்றாக இன்று கருதப்படுகிறது.

இந்தியாவில் இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்வு உண்டு. 1880இல் டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் வாரப் பதிப்பாகத் தொடங்கி, 1923 முதல் 'இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி ஆஃப் இந்தியா' என்னும் பெயரில் வெளிவந்த வார இதழ், பெரிய பக்கத்தில் படங்களை அச்சிட்டதற்காகவே பல வீடுகளில் சேர்த்து வைக்கப்பட்டது. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகை ஒளிப்படக் கலைஞராக அறியப்படும் ஹோமாய் வியாரவாலாவின் தொடக்ககாலப் படங்கள் அதில் வெளியாயின. குஷ்வந்த் சிங் 1969 முதல் 1978 வரை ஆசிரியராக இருந்தபோது விற்பனை பல மடங்கு உயர்ந்து நான்கு லட்சத்தை எட்டியதாகக் கூறப்படுகிறது. இதழ் மக்களிடம் சென்றது என்று ஒரு சாராரும், அதன் கனம் குறைந்தது என்று மற்றொரு சாராரும் கூறினர். 1993இல் அது நின்றது.

ஓர் இதழ் 40க்கும் குறைவான சந்தாதாரரோடு முடிந்து வரலாற்றில் நிலைத்தது; மற்றொன்று லட்சக்கணக்கானோரை எட்டியும் நீடிக்கவில்லை. இதைக் கொண்டு வாசகர் கருத்து மதிப்பற்றது என்று சொல்லிவிடக் கூடாது. கேமரா ஒர்க்கின் வாசகர் எழுப்பிய கேள்வி, ஒளிப்படத்துக்கென்று வாங்கிய இதழில் ஒளிப்படம் எங்கே என்பது. அது நேர்மையான கேள்வி. அவர்கள் தவறவிட்டது, ஓவியத்தைப் பார்த்துப் பழகிய கண் ஒளிப்படத்தை வேறுவிதமாகப் பார்க்கும் என்பதை. சந்தா எண்ணிக்கை விருப்பத்தைக் காட்டும். படத்தின் தகுதியைக் காட்டாது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளும் விமர்சனம் இதழாசிரியருக்கும் பயன்படாது, வாசகருக்கும் பயன்படாது.

செண்பகத்தோப்பில் ஒரு சோதனை

செண்பகத்தோப்பை உள்ளடக்கிய மலைப்பகுதி 1988இல் நரை அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021இல் மேகமலையோடு சேர்த்துத் திருவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் அமைந்தது. நரை அணில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் வாழ்வது. உயரமான மரங்களில் இலைகளையும் குச்சிகளையும் கொண்டு கூடு கட்டும். ஒரு மரத்தின் முடியிலிருந்து அடுத்த மரத்தின் முடிக்குத் தாவியே இடம் மாறும். அடிவாரத்து மாந்தோப்புகளுக்கும் அது வந்துபோவதுண்டு.

காட்டுயிர் இதழ்களில் இவ்வணிலின் படம் பெரும்பாலும் ஒரே வகையாக அமைகிறது. நீண்ட லென்ஸ், மங்கலான பச்சைப் பின்னணி, கிளையில் அமர்ந்த அணில், கண்ணில் ஒளிப்புள்ளி. பார்த்தவுடன் மனத்தைக் கவரும் படம் அது. உயிரோட்டம் வேண்டும் என்ற வாசகருக்கு நிறைவு தருவதும் அதுவே. பெரிய வடிவக் கேமராவால் இதை ஏறக்குறைய எடுக்கவே முடியாது. 35 மி.மீ. கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் தரும் நெருக்கத்தை 4×5 கேமராவில் பெற 1,400 மி.மீ. அளவுக்கு லென்ஸ் வேண்டும். அதை நிறுத்திக் குவியம் பார்ப்பதற்குள் அணில் மூன்று மரம் தாண்டியிருக்கும்.

இந்த இடத்தில் வாசகரின் நான்காம் குறை வென்றுவிட்டதாகத் தோன்றும். ஆனால் அந்த நெருக்கப் படம் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அந்த அணில் செண்பகத்தோப்பில் இருக்கிறதா, வேறு எங்கோ இருக்கிறதா என்பதை மங்கிய பின்னணி சொல்லாது. அது அமர்ந்திருக்கும் மரத்தின் முடி பக்கத்து மரத்தைத் தொடுகிறதா என்பதும் தெரியாது. நரை அணிலின் வாழ்வுக்கு அடிப்படையே அந்தத் தொடர்ச்சிதான். நடுவே இரண்டு மரம் போனால் அது தரையில் இறங்க நேரிடும். தரையில் அதற்கு ஆபத்து அதிகம். சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்துப் பின்னாளில் நாடறிந்த காட்டுயிர் அறிஞரான அ. ஜா. த. ஜான்சிங், ஜஸ்டஸ் ஜோஷுவாவுடன் சேர்ந்து 1994இல் வெளியிட்ட ஆய்வின் பொருளும் இதுவே: மனித இடையூறுகள் நரை அணிலின் வாழிடத்தை எவ்வாறு பாதிக்கின்றன என்பது. வாழிடத்தைக் காட்டாத படத்தில் அந்தப் பாதிப்புக்கு இடமே இல்லை.

ஓடைக்கரை மரங்களைக் காற்று அடங்கிய விடியற்காலையில், முடிகள் ஒன்றோடொன்று கோத்திருப்பது ஒவ்வொரு கிளையாகத் தெரியும்படி ஒரு பெரிய நெகட்டிவில் பதிவு செய்தால், அதில் அணில் இல்லாமல் இருக்கலாம். அணில் அங்கே வாழ முடியுமா என்ற கேள்விக்கான விடை அதில் இருக்கும். அணிலின் நெருக்கப் படமும் வாழிடத்தின் பெரிய படமும் எதிரெதிர் பக்கங்களில் வந்தால் வாசகருக்கு இரண்டும் முழுமை பெறும். காட்டுயிர் இதழ்கள் முதலாவதையும், பெரிய வடிவ இதழ்கள் இரண்டாவதையும் மட்டுமே கொடுத்துப் பழகிவிட்டன.

இவ்விரண்டையும் இணைத்த முன்னோடி ஒருவர் தமிழகத்திலேயே இருந்தார். 1912இல் திருநெல்வேலியில், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனாகப் பிறந்த மா. கிருஷ்ணன், வெவ்வேறு கேமராக்களின் பாகங்களை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கனமான கருவியால் கறுப்பு வெள்ளையில் காட்டுயிர்களைப் படமெடுத்தார். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் 1996இல் மறையும் வரை இயற்கை குறித்த பத்தி எழுதினார். அவருடைய படங்களில் விலங்கு பல வேளைகளில் சட்டம் முழுவதையும் அடைத்துக்கொள்வதில்லை. அது நிற்கும் புல்லும் புதரும் சேர்ந்தே வரும். 2006இல் வெளியான 'ஐ இன் தி ஜங்கிள்' தொகுப்பைப் புரட்டும் இன்றைய வாசகருக்கு, வண்ண இதழ்களோடு ஒப்பிடுகையில் சில படங்கள் மங்கலாகத் தோன்றலாம். ஆனால் யானை எந்த வகைக் காட்டில் நிற்கிறது என்ற ஐயம் அப்படங்களைப் பார்ப்பவருக்கு எழுவதில்லை.

பின்னால் வரும் வாசகர்

வாசகர் கருத்து என்றால் இதழ் வெளிவந்த காலத்து வாசகரின் கருத்து என்றே பொதுவாகப் பொருள் கொள்ளப்படுகிறது. ஒளிப்படத்துக்கு இன்னொரு வாசகரும் உண்டு. அவர் 50 அல்லது 100 ஆண்டுகள் கழித்து வருகிறார்.

லின்னேயஸ் டிரைப் 1857இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்டார். ஏறத்தாழ 30×38 செ.மீ. அளவுள்ள மெழுகுத் தாள் நெகட்டிவ்களில் மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி முதலிய ஊர்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளத் தொடர்படமாக இணைத்தார். அரசோ இப்பணியைச் செலவு மிகுந்த ஆடம்பரமாகக் கருதியது. 1860இல் அது முடிவுக்கு வந்தது. அன்றைய வாசகரின் தீர்ப்பு அது. பின்னர் நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்த காலத்தில் மதுரை திருமலை நாயக்கர் அரண்மனை சீரமைக்கப்பட்டது. அதற்கு முன் அது சிதைந்து நின்ற நிலையை இன்று கண்ணால் காண உதவுவன டிரைப் எடுத்த படங்களே.

அமெரிக்காவில் மார்க் கிளெட் முதலியோர் 1977 முதல் 1979 வரை நடத்திய மறுபடப்பிடிப்புத் திட்டமும் இதையே உணர்த்தியது. 19ஆம் நூற்றாண்டின் நில அளவைக் குழுக்களோடு சென்ற ஒளிப்படக்காரர்கள் நின்ற அதே இடங்களைக் கண்டுபிடித்து, அதே கோணத்தில் மீண்டும் படமெடுத்தனர். எது மாறியது, எது மாறவில்லை என்பதை இரு படங்களும் அருகருகே இருந்து காட்டின. பழைய நெகட்டிவ்கள் பெரியவையாக இருந்ததால்தான் தனிப் பாறையைக்கூட அடையாளம் கண்டு அதே இடத்தில் நிற்க முடிந்தது.

செண்பகத்தோப்புக்கு இது நேரடியாகப் பொருந்தும். ஓடையின் போக்கும் தோப்புகளின் எல்லையும் மரமுடிகளின் தொடர்ச்சியும் ஆண்டுக்காண்டு மாறுபவை. மாற்றம் மெல்ல நடப்பதால் அங்கேயே வாழ்பவரின் கண்ணுக்கும் எளிதில் தப்பிவிடும். இடமும் நாளும் நின்ற கோணமும் குறித்து வைக்கப்பட்ட சில படங்கள் இன்று இருந்தால், 50 ஆண்டுகள் கழித்து இழப்பையோ மீட்சியையோ சான்றோடு பேசலாம். நரை அணிலின் அழகான நெருக்கப் படங்கள் எத்தனை இருந்தாலும் அந்தப் பேச்சுக்கு அவை உதவா.

மதிப்பீடு

வாசகர் கூறும் குறைகளில் கருவிப் பேச்சு பற்றியதும் அச்சு பற்றியதும் ஓரளவு சரி. காட்சிகளின் ஒருமை பற்றியது முழுவதும் சரி. உயிரோட்டம் பற்றிய குறை, உயிர் என்பதை விலங்கின் உருவத்தோடு மட்டும் இணைத்துப் பார்ப்பதால் எழுவது. வாழிடமும் அதன் பகுதி என்று கொண்டால் அது பெரிதும் கரைந்துவிடும்.

இதழ்கள் செய்யத் தவறியதும் இதிலிருந்து தெளிவாகிறது. படத்தின் கீழே லென்ஸையும் துளை அளவையும் குறிக்கும் இதழ்கள், எடுத்த இடத்தையும் நாளையும் மரத்தின் பெயரையும் குறிப்பது குறைவு. தமிழில் ஒளிப்படத்துக்கெனப் பெரிய பக்க இதழ் மரபு வலுவாக உருவாகவில்லை, ச. முகமது அலி ஆசிரியராக இருந்த 'காட்டுயிர்' போன்ற சிற்றிதழ்களே இயற்கை குறித்த எழுத்தையும் படத்தையும் தாங்கி வந்தன. அத்தகைய மரபு இனி அச்சில் உருவாகுமா, திரையில் உருவாகுமா என்பது இரண்டாம் கேள்வி. எதில் உருவானாலும், படத்தோடு இடமும் நாளும் மரத்தின் பெயரும் சேர்ந்து வர வேண்டும்.

ஓர் ஒளிப்பட இதழைக் கையில் எடுக்கும் மாணவர், படம் நன்றாக இருக்கிறதா என்ற கேள்வியோடு இன்னொன்றையும் கேட்கலாம்: இந்தப் படத்தைக் கொண்டு அந்த இடத்தை மீண்டும் கண்டுபிடிக்க முடியுமா? செண்பகத்தோப்பின் ஓடைக்கரையில் நிற்பவருக்கு, எந்த இரண்டு மரங்களுக்கு நடுவே அணில் தாவியது என்பதைக் காட்ட முடிந்த படம் அந்தக் கேள்விக்கு விடை தந்துவிட்ட படம்.